ரேடியோவில் வந்த ஊர்

கெங்கம்மாளுக்கு ரேடியோவைக் கண்டால் ஆகாது. பேய் பிசாசை நம்புவாள். படவேட்டு அம்மனை நம்புவாள். பக்கத்து வீட்டு அம்மணி கொண்டுவரும் புரளியில் பாதியையாவது நம்புவாள். ரேடியோ சொல்வதை மட்டும் நம்ப மாட்டாள். மூஞ்சியைக் காட்டாமல் பேசுகிறவன் பேச்சுக்கு என்ன மரியாதை என்பது அவள் கட்சி.

அவளுக்கு வாய்த்த புருஷனோ ரேடியோவோடு குடித்தனம் நடத்துகிறவன். பலராமன் பட்டு நெய்கிறவன். மிலிட்டரியிலிருந்து திரும்பிய ஒரு ஆளிடம் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டுத் தறிக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தான். காலையில் தறிக்குழியில் இறங்கும்போது அதைத் திருகினால் பொழுது சாய்ந்து ஏறும்போதுதான் நிறுத்துவான். கையகல நிலம் இல்லாதவன், நெற்பயிருக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தான். செய்தி என்றால் அவனுக்கு உயிர். செய்தி வாசிக்கிறவர்களின் குரலை வைத்தே இன்றைக்கு இவருக்குச் சளி பிடித்திருக்கிறது, அந்தம்மாவுக்கு வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் என்றெல்லாம் சொல்லுவான்.

கெங்கம்மாள் முள்ளிப்பட்டில் பிறந்தவள். நிலம் நீச்சு இல்லாத வீடு. அப்பன் ஏர் ஓட்டப் போவான், அம்மா களை எடுக்கப் போவாள். பாவாடை கட்டத் தெரிந்த வயதில் அவளை ஒரு தறிக்காரர் வீட்டில் ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழலில் தாராகச் சுற்றித் தரும் வேலை. அன்று உட்கார்ந்தவள்தான். பலராமனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்த பிறகும் அவன் நெய்ய, அவள் சுற்ற என்றே காலம் போனது. ஆற்றுக்குப் போகிற சந்தில் கடைசிக்கு முந்தின ஓட்டு வீடு. முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் அடுப்பு. ஒரே மகள் கண்ணகியைச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர், கூட அந்த ரேடியோ.

ரேடியோவை நம்பாதவளுக்கு ரேடியோ பாஷை மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. காரணம் பலராமனின் வாய். மாமியார் வந்து ஒரு வாரம் தங்கினால், "உங்கம்மா நம்ம வூட்ல நிலை கொண்டிருக்காங்களே, எப்ப கரையைக் கடப்பாங்க?" என்பான். கெங்கம்மாள் கையிலிருக்கும் தாரை அவன் மேல் வீசுவாள். அவனும் சிரிப்பான், மாமியாரும் சிரிப்பாள்.

ஆந்திராவில் கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான ஜனங்களை வாரிக்கொண்டு போன வருஷத்துக்குப் பிறகுதான் இந்தப் புயல் பேச்சு எல்லை மீறிப் போனது. ஐப்பசி பிறந்தால் போதும், பேப்பர்காரர்களுக்குத் தீபாவளி. வங்கக் கடலில் ஒரு மேகம் புரண்டு படுத்தாலும் கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்துவிடுவார்கள். அதற்கு அடுத்த வருஷம் அப்படித்தான் ஒரு புயல் வருகிறது வருகிறது என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. தறி முதலாளி சிவப்பிரகாசம் வீடுவீடாக ஆளை அனுப்பி, தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூலையெல்லாம் அறுத்து, மாட்டு வண்டியில் தன் மச்சு வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. புயல் வலுவிழந்துவிட்டது என்று ரேடியோ ரொம்ப சாவகாசமாகச் சொன்னது. அறுத்த பாவு நூலை மறுபடி தறியில் ஏற்றி இழை இழையாகப் பிணைப்பதற்குள் தெருவில் எல்லோருக்கும் கண் பூத்துப் போயிற்று.

"சொன்னவன் ஏன் மூஞ்சியைக் காட்டலன்னு இப்ப தெரியுதா?" என்றாள் கெங்கம்மாள்.

"அவன் சொன்னது நெசம்தான். புயலுதான் மனசு மாத்திகிச்சு," என்றான் பலராமன்.

அதன் பிறகு வந்த எச்சரிக்கைகளெல்லாம் இப்படியேதான் போயின. ஒன்று ஒரிசாவுக்கு ஓடிற்று. ஒன்று கடலிலேயே கரைந்தது. கெங்கம்மாளின் கட்சி பலத்துக்கொண்டே போயிற்று. அவள் அதை அவ்வப்போது சொல்லிக் காட்டவும் தவறவில்லை.

இதற்கு நடுவில் பலராமனுக்கு இழுப்பு வந்தது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு மழைக்காலத்துக்கும் சேர்த்து வந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில். படுத்தால் மூச்சே வராது. பாயை விரித்துப் பார்த்தார்கள், தலையணையை அடுக்கிப் பார்த்தார்கள், கயிற்றுக் கட்டிலைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். நெய்கிறபோது உட்காருவதுபோலவே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நெய்த சேலை சுருளும் படமரத்தின் மேல் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டால் மூச்சு வந்தது. தூக்கமும் வந்தது. அந்தக் கட்டையின் உயரம் அவன் நெஞ்சுக்கு அளவெடுத்ததுபோல் அமைந்துவிட்டது. அப்புறம் இரவும் பகலும் அவன் வாசம் தறியில்தான். பாதி நெய்த அரக்குச் சேலையின் மேல் கெங்கம்மாள் ஒரு பழைய துப்பட்டியை மடித்துப் போட்டிருந்தாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த டாக்டர், "குளிர் படாம பாத்துக்கோம்மா, நனையவே கூடாது," என்று சொல்லியிருந்தார். அதை அவள் நம்பினாள். டாக்டர் எதிரில் உட்கார்ந்து சொன்னார் அல்லவா!

அந்த வருஷம் கார்த்திகையில் மறுபடி ஒரு புயல் கிளம்பியது. முதல் நாள் அய்யாக்கண்ணுவின் டீக்கடை வாசலில் 'நெருங்குகிறது பயங்கரப் புயல்' என்று போஸ்டர் தொங்கியது. மறுநாள் 'தமிழகத்தை விழுங்க வருகிறது' என்று தொங்கியது. பலராமனுக்குச் சூடாக டீ வாங்க லோட்டாவோடு போன கெங்கம்மாள் அதை ஒருவர் படிக்கக் கேட்டுவிட்டு நின்றாள்.

"இன்னா அய்யாக்கண்ணு, நேத்து நெருங்கிச்சு, இன்னைக்கி முழுங்க வருதா? நாளைக்கி ஏப்பம் வுடுமா?"

"ஒனுக்கு எல்லாமே கேலிதான் யக்கா. ரெண்டு நாளா எனக்குப் பால் பத்தல. அத்தினி பேரு பேப்பர் படிக்க வர்றான், குந்திகினு டீ குடிக்கிறான்."

"அப்ப புயல் வந்தா லாபம் ஒனுக்குத்தான்னு சொல்லு."

"வந்தா கடை பறந்துடுமே யக்கா. வரவும் கூடாது, போவவும் கூடாது. வரும் வரும்னு இருந்துகினே இருக்கணும்," என்று சொல்லி அய்யாக்கண்ணு டீயை ஆற்றினான்.

கெங்கம்மாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டது. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. காற்று சும்மா ஓலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. ஆனாலும் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சத்தமில்லாத அந்தத் தெருவைப் பார்க்க கெங்கம்மாளுக்கு எரிச்சல் வந்தது. எல்லோரும் வாசலில் குந்திக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற வழியைப் பார்ப்பதுபோல் அப்படி ஒரு காத்திருப்பு. வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் ஏதோ ஏமாற்றம் என்கிற மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

பலராமன் படமரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்திருந்தான். ஈரக் காற்றில் இழுப்பு அதிகமாகியிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"தென்கிழக்கே... நிலை கொண்டிருக்குதாம்."

"கொண்டிருக்கட்டும். கடல் எங்க கீது, ஆரணி எங்க கீது? நீ கஞ்சியக் குடி."

"ஆந்திராவுல அத்தினி சனம்... செத்தது பொய்யா கெங்கா?"

அடுப்படிக்குப் போய் உமியை அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அது நெசம். ஒரு தபா நெசம் சொன்னவன் அப்பால சொல்றதெல்லாம் நெசமாய்டுமாயா? நெசம் எது, வியாபாரம் எதுன்னு நம்மளுக்கு எப்பிடித் தெரியறது?"

அவள் அப்போது கேட்டது சரியான கேள்வி. பெரிய படிப்புப் படித்தவர்களாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியோடு அவள் இன்னும் ஒரு ராத்திரி இருந்திருந்தால் போதும். ஆனால் சாயங்காலச் செய்தி வந்துவிட்டது.

செய்தியில் புயல் சென்னைக்கு வடக்கே கரையைக் கடக்கும் என்றார்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். எல்லாம் வழக்கமான பாட்டுத்தான். பிறகு, "ஆரணி ஆற்றில் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டுள்ளதால், கரையோர மக்கள் உடனடியாக மேடான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அந்தக் குரல் சொல்லிற்று.

ஆரணி என்றது.

ரேடியோவில் மெட்ராஸ் வரும், மதுரை வரும், டெல்லி வராத நாளே கிடையாது. ஆரணி வந்ததாக அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவிலும் அதே செய்தி கேட்டிருக்க வேண்டும். அம்மணி கையைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"யக்கா, நம்ம ஊரு பேரு சொல்லிட்டான்! ரேடியோவுல நம்ம ஊரு வந்துடுச்சு!"

முதலில் எல்லோருக்கும் பெருமைதான். வெட்கக்கேடாக இருந்தாலும் அதுதான் நடந்தது. தெருவே கூடி, நீ கேட்டியா நான் கேட்டேன் என்று பேசிக்கொண்டது. சொன்னது என்ன என்று அப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் முகங்கள் வெளுத்தன.

தெருமுனையில் குடியிருந்த அருணாச்சலம் வாத்தியார் குடையோடு வந்தார். நல்ல மனிதர். கெங்கம்மாள் அவரிடம்தான் சந்தேகத்தைக் கேட்டாள்.

"ஆரணி ஆறுன்னானேங்க? நம்ம ஆத்துக்குப் பேரு கமண்டல நாகநதி இல்லீங்களா? நாம யாரும் ஆரணி ஆறுன்னு சொல்றதில்லியே."

"மெட்ராஸ்ல குந்திகினு படிக்கிறவனுக்கு அதெல்லாம் எப்பிடிம்மா தெரியும்? ஊரு பேரை வச்சு ஆத்துக்குப் பேரு சொல்றான்," என்றார் வாத்தியார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

அவள் அதோடு விடவில்லை. சந்து இறங்கி ஆற்றைப் போய்ப் பார்த்தாள். முழங்கால் அளவு செம்மண் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நனைந்த மணல்தான். திரும்பி வந்து அதைச் சொன்னாள்.

"வெள்ளம் மேல இருந்துதானே வரணும்? ஜவ்வாது மலையில பேஞ்சது இங்க வந்து சேர நேரம் ஆவும். அதுக்குத்தான் முன்கூட்டியே சொல்றான். வந்தப்புறம் சொல்லி இன்னா பிரயோஜனம்? மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஜல்தி கெளம்புங்க எல்லாரும்," என்றார் வாத்தியார்.

கெங்கம்மாள் வீட்டுக்குள் வந்தாள். விளக்கைத் தூக்கித் தறிக்குழிக்குள் பார்த்தாள். குழியின் அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. பலராமனின் பாதம் இரண்டும் ஈரத்தில் இருந்தன.

மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறாத வருஷமே கிடையாது. ஆற்றங்கரைத் தெருவில் எல்லார் வீட்டிலும் ஊறும். சாக்கைப் போட்டு ஒற்றி எடுத்துவிட்டு, சாம்பலைக் கொட்டிவிட்டு, மேலே வேலையைப் பார்ப்பார்கள். அவளே எத்தனையோ தரம் ஒற்றி எடுத்தவள்தான். ஆனால் அன்றைக்கு அவள் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. ஆறு கீழ் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று தெரிந்தது. தெருவிலேயே முதலில் மூழ்கப்போவது இந்தக் குழி. இந்தக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் தன் புருஷன்.

"கெளம்புயா. பள்ளிக்கூடத்துக்குப் போய்டலாம்," என்றாள்.

பலராமன் தலையைத் தூக்கி அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"நான் வரல. இங்க குந்திகினு இருந்தாத்தான்... மூச்சு வருது. நீ போ."

"தண்ணி வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம். இது... எப்பவும் ஊறுறதுதான்."

"ரேடியோவே சொல்லிட்டான்யா! ஊரு பேரு சொல்லிச் சொல்றான்! இத்தினி வருசமா நீதான நம்பு நம்புன்னு உசிர வாங்கின, இப்ப வரலன்றியா?"

மேலே பேச அவனுக்கு மூச்சு இல்லை. காலமெல்லாம் தான் கட்டிக்கொண்டு அழுத ரேடியோவை எதிர்த்துப் பேச அவனுக்கு வாயும் வரவில்லை. ஒரு கையைத் தூக்கி, சரி என்கிற மாதிரி அசைத்தான்.

அம்மணியின் புருஷனும் தெருக்காரர் ஒருவரும் அவனைக் குழியிலிருந்து தூக்கித் தள்ளுவண்டியில் உட்கார வைத்தார்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார்கள். சந்து தாண்டியதும் தூறல் மழையாகப் பிடித்துக்கொண்டது. தெருவே அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. மூட்டை, சட்டி பானை, ஆட்டுக்குட்டி, கோழிக்கூடை, தறியிலிருந்து அவசரமாக அறுத்துச் சுருட்டிய பட்டு. பிளாஸ்டிக் தாளைக் காற்று பிய்த்துக்கொண்டே இருந்தது. கெங்கம்மாள் வண்டியோடு ஓடிக்கொண்டே அதை இழுத்து இழுத்து மூடினாள். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது அவன் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. வெறும் சிமெண்டுத் தரை. அதுவும் ஜனங்களின் கால் ஈரத்தில் சொதசொதவென்று இருந்தது. பெஞ்சுகளையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுவரில் சாய்த்து உட்கார வைத்தால் அவனுக்கு மூச்சு அடைத்தது. பின்னால் சாய்கிற உடம்பில்லை அது, முன்னால் சாய வேண்டிய உடம்பு. அவள் அவனுக்கு முன்னால், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கைகளை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். அவன் அவள் முதுகில் தலையைச் சாய்த்தான். ஆனால் அவள் குள்ளம். படமரத்தின் உயரம் அவள் தோளுக்கு வரவில்லை. குதிகாலின் மேல் எம்பி எம்பி உட்கார்ந்து பார்த்தாள். கால் மரத்துப்போய்ச் சரியும்போதெல்லாம் அவன் மூச்சும் சரிந்தது.

நடுவில் அவன் ஏதோ சொன்னான். அவள் காதைப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னைக்கித்தான்... நம்பின நீ," என்றான். சிரிக்கிறான் என்று அவன் நெஞ்சு அசைந்ததிலிருந்து தெரிந்தது. அவனுக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். குடித்தனம் நடத்தின காலம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டவன் மாதிரி அவள் தோளை இரண்டு தட்டுத் தட்டினான்.

விடிந்தபோது அவன் விசில் சத்தம் குறைந்திருந்தது. பரவாயில்லை என்று நினைத்தாள். பிறகுதான், மூச்சே குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மழை விட்டு, கிழக்கே வெளிறியிருந்தது. டாக்டர் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "ராத்திரி நனைஞ்சாரா?" என்று கேட்டார். கெங்கம்மாள் ஆமாம் என்றாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெரு பழையபடி இருந்தது. எல்லோரும் திரும்பி வந்து சட்டி பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓடு நகரவில்லை. ஒரு மரம் சாயவில்லை. தறிக்குழியில் நேற்று இருந்த அதே ஈரம்தான் இருந்தது, ஒரு விரற்கடை கூடவில்லை. ஆற்றில் வெள்ளம் ராத்திரியும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. அவனை எரிக்க ஆற்றங்கரைக்குத்தான் எடுத்துப் போனார்கள். தண்ணீரில் இறங்காமல், மணலிலேயே நடந்து போய், மணலிலேயே நடந்து திரும்பினார்கள்.

அதற்கு மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அய்யாக்கண்ணு கடையில் அதைப் பார்க்க ஒரே கூட்டம். 'ஆரணியில் வெள்ளம், வீடுகள் மூழ்கின' என்று போட்டு, கூரை மட்டும் தெரிகிற குடிசைகளும் ஒரு படகும் இருந்தன. இது எந்தத் தெரு, இது யார் வீடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நம்ம ஊரில் ஏதுடா படகு என்று ஒருவன் கேட்டபோதுதான் பேச்சு நின்றது.

மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ஜெயவேல் அப்போதுதான் டூட்டி முடிந்து டீ குடிக்க வந்தான். பேப்பரை வாங்கி, கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தான்.

"அட, இது பொன்னேரிப் பக்கத்து ஆரணிபா. அங்க ஓடுறதுதான் ஆரணி ஆறு. புயலு அங்கதான் ஏறிச்சு. மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டுல தினம் ரெண்டு பேராவது அந்த ஆரணின்னு நெனச்சிகினு நம்ம வண்டியில ஏறிக் குந்திகினு பேஜார் பண்ணுவான்."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் பலராமன் செத்தது நினைவுக்கு வர, சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மணிதான் கெங்கம்மாளிடம் வந்து சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மணியால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது, அது அவள் பிறவிக்குணம். அருணாச்சலம் வாத்தியார் அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

கெங்கம்மாள் ரேடியோவைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். என்ன சொல்லித் திட்டுவது? அது பொய் சொல்லவில்லை. ஆரணி ஆற்றில் வெள்ளம் என்றது, வெள்ளம் வந்தது. மேட்டுக்குப் போ என்றது, போனவர்கள் பிழைத்திருப்பார்கள். பேப்பர்காரனும் பொய் சொல்லவில்லை. விழுங்க வருகிறது என்றான், அங்கே ஒரு ஊரை விழுங்கிவிட்டுத்தான் போயிருக்கிறது. அவன் பொய் சொல்லியிருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். இங்கே தூற்றுவதற்கு ஆள் இல்லை. தேடித்தேடிப் பார்த்தால் கடைசியில் தான் ஒருத்திதான் நிற்கிறாள். இத்தனை வருஷம் பொய்யையெல்லாம் பொய் என்று சரியாகச் சொன்னவள், ஒரே ஒரு தரம் நம்பினாள். அது இன்னொரு ஊருக்கு வந்த நிஜம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படிப் போனார் என்று கேட்டார்கள். முள்ளிப்பட்டிலிருந்து வந்த சித்தி, "இன்னாடி ஆச்சு?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். "புயல்ல போய்ட்டாரு சித்தி" என்றாள் கெங்கம்மாள். சித்தி அழுகையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இங்க ஏதுடி புயலு?" என்றாள்.

மகள் கண்ணகி சாதாரணமாகத்தான் கேட்டாள். தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, படமரத்தின் மேல் கிடந்த துப்பட்டியைத் தடவிக்கொண்டே, "இங்க நல்லாத்தான குந்திகினு இருந்திருப்பாரு. எதுக்கும்மா தூக்கிகினு போன?" என்றாள். கேட்ட பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டிருக்க வேண்டாமே என்று அழுதாள்.

கருமாதியன்று விடியற்காலையில், தாலியை வாங்கித் தலைமுழுக வைப்பதற்காகப் பெண்கள் கெங்கம்மாளை ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். பதினைந்து நாள் வெயிலில் ஆறு வற்றிவிட்டிருந்தது. கணுக்கால் நனையும்படி ஒரு வாய்க்கால் ஓடியது. அதில் எப்படித் தலைமுழுகுவது? மேலே கீழே நடந்து, ஆழமான இடம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவளை மணலில் உட்கார வைத்து, அம்மணி சொம்பில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாள். பத்துச் சொம்பு ஊற்றியும் முதுகுப் பக்கம் புடவை முழுக்க நனையவில்லை.

கெங்கம்மாள் சொம்பைத் தட்டிவிட்டாள்.

"இன்னாத்துக்கு ஓடற நீ?" என்றாள் ஆற்றைப் பார்த்து. "வந்திருக்கக் கூடாதா? நான் அவரத் தூக்கிகினு போன அன்னைக்கி ஒரு ராத்திரி வந்திருக்கக் கூடாதா? வூட்ட எடுத்துகினு போயிருந்தா இன்னா, தறிய எடுத்துகினு போயிருந்தா இன்னா? தெருவையே எடுத்துகினு போயிருந்தா இன்னா?"

"அப்பிடிச் சொல்லாத யக்கா. நாங்கல்லாம் புள்ளகுட்டிக்காரங்க," என்றாள் அம்மணி மெதுவாக.

கெங்கம்மாள் திரும்பி அம்மணியைப் பார்த்தாள். கண்ணகியைப் பார்த்தாள். சுற்றி நின்ற அத்தனை பெண்களையும் ஒருமுறை பார்த்தாள். எல்லோரும் நல்லபடியாக இருந்தார்கள்.

"வந்திருக்கணும்," என்றாள்.